மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார்: கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை), டிசம்பர் 9

அனைவருக்கும் ஸ்தோத்திரம். 1853-இல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியாக விசுவாசத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, அதே சபையில் ஐம்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறேன். நேற்று, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்தின் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில், சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கையைச் சொல்லி முடித்தேன். அதன்பின் ஆயர் பாவமன்னிப்பின் வார்த்தைகளைக் கூறியபோது, அவை எனக்கு முன்வரிசையில் இருந்தவர்களோடு நின்றுவிட்டன என்று தோன்றியது. பல வருடங்களாகவே அப்படித்தான் இருக்கிறது. நேற்றுதான் அதை எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

என் அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கைக்கு வந்த பணத்திலிருந்து 2014-இல் 4 லட்சம் ரூபாயை எடுத்து எனக்குக் கொடுத்தார். காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் வேலையை, எங்கள் பக்கத்தில் ஜாப் ஒர்க் என்போம், ஆறு தையல் இயந்திரங்களோடு தொடங்கினேன். அப்பா எந்தத் தாளிலும் எழுதி வாங்கவில்லை. "இதில் அக்காவுக்கும் பங்கு உண்டு, மறந்துவிடாதே" என்று மட்டும் சொன்னார். இரண்டரை ஆண்டுகளில் ஆர்டர்கள் குறைந்துபோயின. 2017-இல் இயந்திரங்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுத் தொழிலை மூடினேன். தொழில் நொடித்துப் போனதை நான் பாவம் என்று நினைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதம்தான் பாவம்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. வேலூரில் இருக்கும் அக்காவும் மாமாவும் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தன் நகைகளை அடகு வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் பதினான்கு மாதங்களில் நான் நான்கு முறைதான் போனேன். அவர் பணத்தைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம் ஒவ்வொரு முறையும் இருந்தது. அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கடைசியாகப் போனபோது, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். ஆயிற்று என்று பொய் சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டேன். 2019 நவம்பரில் அவர் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் பிறகு அக்காவின் வாசலை நான் மிதிக்கவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் மகனிடம் ஒரு தூக்கில் அதிரசமும் முறுக்கும் கொடுத்தனுப்புகிறார். சென்ற ஆண்டு வந்த தூக்கு இன்னும் எங்கள் சமையலறை அலமாரியில் கவிழ்ந்தபடியே இருக்கிறது. எதைப் போட்டுத் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இறந்த வருடம் துக்கத்தினால் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. அதற்குப் பின் வந்த வருடங்களிலும் எனக்குக் கட்ட மனம் வரவில்லை, பிள்ளைகளும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார். தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லிக்கொண்டால், அப்பாவைத் தாண்டிப்போய் மேலிடத்தில் தள்ளுபடி வாங்கிக்கொண்டதுபோல் ஆகாதா? அக்காவுக்குச் சேர வேண்டியது அப்படியே இருக்கும்போது, கிறிஸ்துமஸ் அதிகாலையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்குக் கை நீட்ட எனக்கு என்ன உரிமை? கிறிஸ்துவுக்குள் விடுதலை என்று பாட்டிலும் பிரசங்கத்திலும் கேட்கிறோமே, அந்த விடுதலை என்னைப் போன்ற ஒருவனுக்கு நாள்தோறும் வாழும் வாழ்க்கையில் எப்படி இருக்கும்? ஆறுதலுக்காக எதையும் சொல்ல வேண்டாம். உண்மையென்று நீங்கள் நம்புவதைச் சொல்லுங்கள்.

பதில்: ஞாயிறுபள்ளி ஆசிரியர் (ஆரணி), டிசம்பர் 10

சகோதரரே, உங்கள் கேள்வியைப் படித்த பிறகு, பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் வசனங்களைக் குறித்துக் கொடுப்பதற்காக மத்தேயு முதலாம் அதிகாரத்தைத் திறந்தேன். வம்ச அட்டவணை என்று நாம் வழக்கமாக வேகமாகக் கடந்துபோகும் பகுதி அது. ஆறாம் வசனத்தில் என் விரல் நின்றுவிட்டது. தாவீது ராஜா "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" சாலொமோனைப் பெற்றான் என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் பத்சேபாள் என்பது மத்தேயுவுக்குத் தெரியாததா? அவர் அந்தப் பெயரை எழுதாமல், உரியாவின் பெயரை எழுதுகிறார்.

உரியாவுக்கு நடந்தது நமக்குத் தெரியும். அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது, அவனைப் போர்முனையில் நிறுத்திச் சாகக் கொடுத்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்தபோது, கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்று தாவீது அறிக்கையிட்டான். கர்த்தர் உன் பாவத்தை நீங்கச்செய்தார் என்ற பதில் அதே வசனத்திலேயே வந்துவிடுகிறது (2 சாமுவேல் 12:13). அந்த நேரத்தில் உரியா மண்ணுக்குள் இருந்தான். எவனிடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமோ அவன் இல்லாத நிலையில்தான் தாவீது மன்னிக்கப்பட்டான். உங்களை வாட்டும் கேள்வியை இந்த இடத்திலேயே கேட்கலாம்: உரியாவை ஒதுக்கிவிட்டுத் தேவன் தாவீதுக்குத் தள்ளுபடி கொடுத்தாரா? இல்லை என்பதற்கு மத்தேயுவின் அந்த ஒரு வரி சாட்சி. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும், இரட்சகரின் பிறப்பை அறிவிக்கும் முதல் பக்கத்திலேயே, அநியாயத்துக்குள்ளானவனின் பெயர் அழியாமல் நிற்கிறது. பாவம் மன்னிக்கப்பட்டது, ஆனால் உரியா மறக்கப்படவில்லை. உங்கள் அப்பாவும் தேவனால் மறக்கப்படவில்லை. அவர் பெயரை மறைத்துவிட்டு உங்களுக்கு ஒரு மன்னிப்பு கொடுக்கப்படுவதாக நினைக்காதீர்கள்; அவரை அறிந்த தேவனே உங்களை மன்னிக்கிறார்.

இனி, விடுதலை என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் நம்மில் பலர் இடறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'அஃபெசிஸ்' என்று ஒரு சொல் உண்டு. யோவான் ஸ்நானன் பிறந்து அவருக்குப் பெயரிட்ட நாளில் சகரியா பாடிய பாட்டில் பாவமன்னிப்பு என்று வருவது (லூக்கா 1:77) அந்தச் சொல்தான். இயேசு நாசரேத்து ஜெபஆலயத்தில் ஏசாயாவின் புத்தகத்தை வாசித்து, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்று சொல்வதும் (லூக்கா 4:18) அதே சொல்தான். இன்னும் பின்னால் போனால், ஐம்பதாம் வருஷமாகிய யூபிலியில் தேசமெங்கும் விடுதலை கூறி, அடிமைப்பட்டவனும் நிலத்தை இழந்தவனும் தன் குடும்பத்துக்கும் காணியாட்சிக்கும் திரும்பிப் போக வேண்டும் என்று லேவியராகமம் 25-இல் இருக்கிறதல்லவா, அதன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே சொல்லையே பயன்படுத்தியிருக்கிறார்கள். தமிழில் மன்னிப்பு ஒரு சொல்லாகவும் விடுதலை வேறொரு சொல்லாகவும் பிரிந்துவிட்டதால், மன்னிப்பு முதலில் வரும், விடுதலை என்பது பிறகு ஒருநாள் வரப்போகும் உணர்வு என்று நாம் காத்திருந்துவிடுகிறோம். லூக்காவுக்கு அவை இரண்டும் ஒன்றே. கட்டை அவிழ்த்துவிடுவதுதான் மன்னிப்பு. அவிழ்க்கப்பட்டவன் வீடு திரும்ப வேண்டும், யூபிலியில் அதுதான் நடந்தது.

கொலோசெயர் 2:14-ஐயும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நமக்கு விரோதமாயிருந்த கையெழுத்தைக் குலைத்து, அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று அங்கே வருகிறது. இளைஞனாயிருந்தபோது அதை ஏதோ ஒரு கையொப்பம் என்று நினைத்திருந்தேன். கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன் பத்திரத்துக்கு உரிய சொல் அது. நாம் புரோநோட்டு என்கிறோமே, அது. உங்கள் அப்பா எதையும் எழுதி வாங்கவில்லை என்றீர்கள். அவர் எழுதி வாங்காத பத்திரத்தை நீங்களே உங்களுக்குள் எழுதிவைத்து, ஐந்து வருடமாக வட்டிக்கு வட்டி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தேவனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த பத்திரம் இப்போது நடுவில் இல்லை. அக்காவோடு உள்ள கணக்கு இன்னும் இருக்கிறது, அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் தேவனிடத்தில் மன்னிப்பை விலைக்கு வாங்குவதற்காக நீங்கள் இனி அதைச் செலுத்தப் போவதில்லை, அதனால்தான் பயமில்லாமல் செலுத்த முடியும்.

பதில்: வேலூர் வாசகி, டிசம்பர் 11

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். ஆரணி ஐயா எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், உங்கள் வேதாகமத்தில் மத்தேயு 6:12-இல், எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்று இருக்கிறது. நாங்கள் செபிக்கும்போது, எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும் என்கிறோம். பொறுத்தல் என்றால் சுமத்தல் என்றும் பொருள். உங்கள் அக்கா உங்கள் அப்பாவைச் சுமந்தார், நகை போன வருத்தத்தைச் சுமந்தார், நீங்கள் வராமல் போனதையும் சுமந்தார். அவர் அனுப்பும் அந்தத் தூக்கைப் பார்க்கும்போது, கடவுள் நம்மைப் பொறுத்துக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை ஓரளவு நான் புரிந்துகொள்கிறேன்.

என் மாமியாரிடம் நான் கடுமையாகப் பேசிய நாட்கள் உண்டு. அவர் இறந்த பின், திருவருகைக் காலத்தில் (நீங்கள் அட்வெந்து என்பது), குருவிடம் பாவங்களைச் சொல்லும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய் அதை அறிக்கையிட்டேன். சில செபங்களைச் சொல்லச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பங்குத்தந்தையோ, மாமியார் வாரந்தோறும் போய்ப் பார்த்துவந்த ஒரு நாத்தனாரின் பெயரை என்னிடமே கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறையாவது அவரைப் போய்ப் பாருங்கள் என்று பரிகாரமாகச் சொன்னார். பாவமன்னிப்பு அந்த நிமிடமே கூறப்பட்டுவிட்டது. பரிகாரம் அதற்குப் பிறகு தொடங்கியது. இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாத்தனாரின் வீட்டுக்குப் போன முதல் சில மாதங்கள் மிகவும் கடினமாக இருந்தன. இப்போது, போகாத மாதத்தில்தான் எனக்கு ஏதோ குறைகிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், பூவும் மெழுகுவர்த்தியுமாக எங்கள் கல்லறைத் தோட்டங்கள் நிறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவர்களுக்காகச் செபிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இல்லை என்பதை அறிவேன். அதைச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பாவின் கல்லறைக்கு ஒருநாள் தனியாகப் போய், நடந்ததை நடந்தபடி வாய்விட்டுச் சொல்லுங்கள். பதில் வரும் என்பதற்காக அன்று. ஐந்து வருடமாக அந்த வார்த்தைகள் உங்கள் வாயைவிட்டு வெளியே வரவே இல்லையே.

பதில்: ஆம்பூர் விசுவாசி, டிசம்பர் 11

இதில் இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில், பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனைத் தொண்டையைப் பிடித்து நெரித்தான். அதற்காக எஜமான் அவனைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்தது நமக்குத் தெரியும். உங்கள் அக்காவும் விசுவாசி. கிறிஸ்து அவருடைய எல்லாக் கடனையும் மன்னித்திருக்கிறார். ஆகவே அவரும் இந்தப் பணத்தை விட்டுவிடக் கடமைப்பட்டவர். கிறிஸ்துமஸ் அன்று குடும்பத்தோடு போய் இந்த வேதபகுதியை வாசித்து, ஜெபித்து, எல்லாரும் சமாதானமாகிவிடுங்கள்.

பதில்: குடியாத்தம் பெரியம்மா, டிசம்பர் 12

ஆம்பூர் சகோதரர் நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தம்பி, தயவுசெய்து அந்த வேதபகுதியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போகாதீர்கள். அந்த உவமை கடன் கொடுத்தவனின் இருதயத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது. கடன்பட்டவன் அதைக் கடன் கொடுத்தவர் முன்னால் திறந்துவைத்தால், அது வேதவாசிப்பாக இராது, நெருக்கடியாகிவிடும்.

நானும் ஒரு குடும்பத்தில் மூத்த பெண். எனக்கும் வர வேண்டியது வராமல் போனதுண்டு, ஆகையால் இதை மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று எங்கள் வேதபாட வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதல் வேலைக்காரனின் கடன் 6 கோடி நாட்களின் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது. இரண்டாமவன் தர வேண்டியது 100 நாட்களின் கூலி. 6 கோடிக்கு முன்னால் 100 ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த 100 சின்னத் தொகை என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை. பீடி சுற்றி எங்களை வளர்த்த என் அம்மாவிடம் கேட்டிருந்தால், நூறு நாள் கூலி எவ்வளவு பெரியது என்று சொல்லியிருப்பார். உங்கள் அக்காவின் நகையும் அப்படித்தான்.

அப்பா இல்லையே, யாரிடம் செலுத்துவது என்று கேட்டீர்கள். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில் 6 முதல் 8 வரையுள்ள வசனங்களை வாசித்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும் என்று எழுதியிருக்கிறது. நேருக்கு நேர் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போகும் நாள் வரும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கே தெரிந்திருக்கிறது. உங்களுக்கோ ஆள் இல்லாமல் போகவில்லை. 4 லட்சத்துக்கு ஐந்தில் ஒன்று கூட்டினால் 4,80,000. நாம் அந்தப் பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல. அவ்வளவும் கொடுத்தால்தான் மன்னிப்பு என்று நான் சொல்லவும் இல்லை. அறிக்கையும் செலுத்துதலும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் வீட்டிலும் (லூக்கா 19) அப்படித்தான். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பேன் என்று சகேயு சொல்வதற்கு முன்பே, இன்று உன் வீட்டில் தங்க வேண்டும் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். அவர் வந்தது முதலில். பெத்லகேமிலும், நாம் வீட்டைப் பெருக்கி முடிக்கும் மட்டும் அவர் காத்திருக்கவில்லை.

இப்போது ஒரு மூத்த பெண்ணாகச் சில காரியங்களைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று போய் இதைப் பேசாதீர்கள். விருந்தாளிகளும் பிள்ளைகளும் இருக்கும் நாளில் அக்காவால் மறுத்துப் பேச முடியாது, அழவும் முடியாது. முன்கூட்டியே ஒருநாள் தனியாகப் போங்கள். கேக் பெட்டியோடு போகாதீர்கள். எவ்வளவு, எந்தத் தேதியில், எத்தனை மாதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, முதல் தவணையையும் எடுத்துக்கொண்டு போங்கள். செய்ததைச் சொல்லுங்கள். "அக்கா, உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்" என்று அவரிடம் கேட்காதீர்கள். உங்கள் மனம் இலேசாவதற்காக அவரை அவசரப்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை. அழுது, அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமையையும் உண்டாக்காதீர்கள். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதில் (மத்தேயு 5:24), போ என்பது நம்முடைய பங்கு. மறுபக்கத்தின் பதிலுக்கு நாம் தேதி குறிக்க முடியாது. அங்கே போய்விட்டு வந்து திருவிருந்துக்குக் கை நீட்டுங்கள். அந்த மேஜையில் கடனில்லாதவன் ஒருவனும் உட்கார்ந்ததில்லை.

பதில்: காட்பாடி ஓய்வூதியர், டிசம்பர் 14

நான் வேதம் கற்றவன் அல்லன். தொழுநோயாளிகளின் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பிரிவில் பல ஆண்டுகள் உதவியாளனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த ஒன்று உங்களுக்கு உதவலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டைப் பற்றி எங்கள் பகுதியில் கேள்விப்படாதவர்கள் குறைவு. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தும், முள்ளின் மேல் நடந்தும், புண்ணோடு வேலை செய்தும் அவர்கள் தங்கள் கைகால்களை இழக்கிறார்கள் என்பதை அவரும் அவரோடு இருந்தவர்களும் எடுத்துக் காட்டினார்கள். வலி தேவன் கொடுத்த காவல் என்பதை நாங்கள் தினமும் கண்ணால் பார்த்தோம். உணர்வில்லாத கையை உடையவர்களுக்கு, தினமும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது, வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்யும்படியாக.

உங்களுக்கு ஐந்து வருடமாக வலிக்கிறது. அது உங்கள் மனச்சாட்சி மரத்துப்போகவில்லை என்பதன் அடையாளம், அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் புண் எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு வலியின் வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் புண்ணுக்கு மருந்திட வேண்டும். வலியையே மருந்தென்று நினைத்து வைத்துக்கொண்டிருந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, கையின் வேறொரு பகுதியில் நல்ல நிலையில் உள்ள தசைநாணை எடுத்து விரலில் இணைத்துத் தைப்பார்கள். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்திருக்கும். சில வாரங்கள் கழித்து மாவுக்கட்டைப் பிரித்து, விரலை அசையுங்கள் என்றால், பலருக்கு அசையாது. இணைப்பில் குறை எதுவும் இராது. அந்தத் தசை இத்தனை நாள் வேறு வேலை செய்து பழகியிருக்கும், புது வேலையை அது இனிதான் கற்றுக்கொள்ள வேண்டும். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி, இன்னொருமுறை இப்படி என்று நாள்கணக்காகச் சொல்லிக்கொடுப்போம். மன்னிக்கப்பட்ட உணர்வு வரவில்லை, ஆகையால் மன்னிப்பே நடக்கவில்லை என்று நீங்கள் நினைப்பதைப் படித்தபோது, அந்தக் கைகள்தான் என் நினைவுக்கு வந்தன. கட்டுப் பிரித்த முதல் நாளிலேயே அசையவில்லை என்பதற்காக, ஒருவரையும் நாங்கள் திரும்ப அறுவை சிகிச்சை மேஜைக்கு அனுப்பியதில்லை.

கேள்வி கேட்டவர்: பாலாற்றங்கரை, டிசம்பர் 23

எழுதிய அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் உடனே பதில் எழுதவில்லை. செய்த பிறகுதான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாலை தனியாக வேலூருக்குப் போனேன். குடியாத்தம் அம்மா சொன்னபடியே தாளில் எழுதியிருந்தேன்: 4,80,000 ரூபாய், அதோடு சிகிச்சைச் செலவில் என் பங்கு, மாதம் 10,000. மாமா கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, பேசாமல் அக்காவைக் கூப்பிட்டார். நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், சாப்பிட்டாயிற்று என்று அப்பாவிடம் சொன்ன அந்தப் பொய் உட்பட. அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார். நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, சிகிச்சைச் செலவை அடித்தார். அது நான் மகளாகச் செய்தது, அதை உன் கணக்கில் சேர்க்காதே என்றார். 4,80,000-ஐயும் அடித்து, 2 லட்சம் என்று எழுதினார். மீதி உன் பங்கு, அப்பா உனக்கும் அப்பாதான் என்றார். அந்த 2 லட்சத்தை அவர் அடிக்கவில்லை. நான் கொடுத்த பத்தாயிரத்தை இருமுறை எண்ணி பீரோவில் வைத்துவிட்டு, இனி மாதம் ஐந்தாம் தேதிக்குள் கொண்டுவந்துவிடு, அனுப்பாதே, நீயே கொண்டுவா என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் கிளம்புகிறேன் என்றேன். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நேற்று ஆராதனையில் பாவமன்னிப்பின் வார்த்தைகளைக் கேட்டபோது, பெரிய உணர்வு எதுவும் எனக்கு வரவில்லை என்பதை உள்ளபடியே எழுத வேண்டும். ஆனால் அவை என் வரிசைக்கும் வந்தன. ஆரணி ஐயா சொன்ன ஆறாம் வசனத்தை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். உரியா யார் என்று கேட்டான், சொன்னேன். தாத்தாவைப் பற்றியும் அன்றைக்குத்தான் முழுவதும் சொன்னேன். அப்பாவின் கல்லறைக்கு இன்னும் போகவில்லை. பண்டிகை முடிந்தபின் அக்காவோடு சேர்ந்து போகலாம் என்று இருக்கிறேன்.

நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. ஒயரை எலி கடித்திருக்கிறது, நாளை கடைக்குப் போக வேண்டும். 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்தவுடன் நால்வருமாக வேலூருக்குப் பேருந்தில் போகிறோம். அக்காவின் தூக்கைக் கழுவி, வெயிலில் காயவைத்திருக்கிறாள் என் மனைவி. அதில் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி நிரப்ப வேண்டும், அப்பாவுக்குப் பிடித்தது அதுதான்.